வீட்டுக்கு அனுப்பிய பிறகு யார் பார்ப்பது?

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பேராக் மாநிலத்தின் ஹிலிர் பேராக் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இதயச் செயலிழப்புக்காக, அதாவது இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் சேரும் நோய்க்காக, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு, முதல் சில வாரங்களில் தேவைப்படும் கவனிப்பு எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கிலேயே கிடைக்க வேண்டும். நான் கேட்க வந்தது இதைத்தான்.

இங்கே இந்த நோயோடு இருக்கும் பெரியவர்களில் பலர் பால்மரம் சீவியவர்கள், பிறகு செம்பனைக் குலை வெட்டியவர்கள். தோட்ட மருந்தகத்தில் அப்போது டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். யாருக்காவது கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், முதலில் அவர் கண்ணில் படும். தோட்டம் கைமாறியது, மருந்தகம் மூடியது, லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அவர் செய்த வேலையை இன்று செய்ய ஆளில்லை.

என் அம்மாவை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் நன்றாகவே பார்த்தார்கள். அதற்கு என்றும் நன்றி. நெஞ்சில் சேர்ந்திருந்த நீர் இறங்கியது, வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு பை மாத்திரை, ஆங்கிலத்தில் ஒரு காகிதம், அடுத்த சந்திப்புக்கு மாதக்கணக்கில் தள்ளி ஒரு தேதி. இடையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அம்மா கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் சாய்ந்தே தூங்க ஆரம்பித்தார். "புழுக்கமா இருக்கு" என்றார். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. முழங்கால் வலிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். அந்த வகை மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. மருந்து கொடுத்தவர்கள் இதய நோய் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் யாரும் முன்கூட்டிச் சொல்லி அனுப்பவில்லை. மறுபடியும் வார்டு, மறுபடியும் மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வரிசையிலேயே வேறு வீடுகளிலும் இதே கதைதான்.

இதயம் இரத்தத்தைப் பம்பு செய்யும் பலம் குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்ந்து உயிர் காக்கின்றன. அவற்றில் சிலவற்றைச் சின்ன அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போது இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீரகம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022-இல் வெளிவந்த ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில், வீடு திரும்பிய இரண்டே வாரங்களுக்குள் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி நேரில் பார்த்துக் கவனித்தார்கள். 180 நாட்களில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வழக்கமான கவனிப்பில் நூற்றுக்குச் சுமார் 23 பேர். இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் சுமார் 15 பேர். சின்ன அளவிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால், மாத்திரை இருந்தும் அதன் முழுப் பலன் நோயாளிக்குக் கிடைப்பதில்லை.

இரத்த அழுத்தமும் இரத்தப் பரிசோதனையும் எங்கள் ஊர் கிளினிக்கில் செய்ய முடியாதவையா? அங்கே போக 1 ரிங்கிட் கட்டணம். ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 5 ரிங்கிட். இவ்வளவு மலிவாக வைத்திருப்பது பெரிய விஷயம், மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஈப்போவுக்குப் போய்வர வண்டி வாடகை, கூட வரும் பிள்ளைக்குப் போகும் ஒருநாள் சம்பளம், இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பேகா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகை இருக்கிறது. தூரத்திலிருந்து வரும் இதய நோயாளிக்கும் போக்குவரத்துச் செலவுக்கு ஏதாவது செய்யுங்கள்.

அமைச்சின் மருந்துப் பட்டியலில் எந்த மருந்தை எந்த நிலை மருத்துவர் எழுதலாம் என்ற வகைப்பாடு இருக்கிறது. இந்த நான்கு வகை மருந்துகளையும் கிளினிக் மருத்துவரே தொடரவும், குடும்ப மருத்துவ நிபுணரைக் கேட்டு அளவை ஏற்றவும் வழி செய்யுங்கள். நோயாளி வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே, ஒரு வாரத்துக்குள் ஊர் கிளினிக்கில் ஒரு தேதி கையில் இருக்கட்டும். இதயச் செயலிழப்பைக் கண்டறிய உதவும் என்டி-ப்ரோபிஎன்பி இரத்தப் பரிசோதனை கிளினிக் அளவிலேயே கிடைத்தால், மூச்சு வாங்குகிறவரை ஆஸ்துமா என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் குறையும்.

2023-இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை ஆரம்ப நிலைச் சிகிச்சையை வலுப்படுத்தப்போவதாகச் சொல்கிறது. அதே ஆண்டின் தேசிய ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் கடைசியில் இதயத்தைத்தான் வந்து பிடிக்கும்.

அப்புறம், காகிதம். தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும். தினமும் காலையில் எடை பாருங்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே கிளினிக்குக் கூப்பிடுங்கள், கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள், கேட்காமல் வலி மாத்திரை போடாதீர்கள் என்று பெரிய எழுத்தில். கூப்பிட்டால் எடுக்கிற ஒரு தாதியின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டுக்கு அதையும் இரவலாகக் கொடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு கிளினிக்கிலாவது இந்த ஆண்டே தொடங்கலாமா என்று பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்