போர்வெல் கயிறும் வான்வடமும்

பர்கூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தோட்டத்து போர்வெல்தான் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. 1,100 அடியில் கிடந்த மோட்டாரை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து, பைப்போடு உள்ளே போய்விட்டது. மூன்று நாள் கொக்கி விட்டுத் துழாவி எடுத்தோம். செலவைக் கேட்காதே.

"லிப்டில் ஏறி விண்வெளிக்குப் போகலாமா?" என்று பேத்தி கேட்கிறாள், இயற்பியல் வாத்தியார் நீ சொல்லு என்று எழுதியிருந்தாய். அந்த மூன்று நாளும் போர்க்குழி ஓரத்தில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். பைப் இறக்குகிற பையன் சொன்னான்: "மேல இருக்கிற பைப்புதான் சார் மொத்தத்தையும் தாங்கணும், அதான் அதைக் கனமா போடறோம்." விஷயமே அவ்வளவுதான்டா.

1895-இல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி ஈஃபில் கோபுரத்தை மனதில் வைத்து, வானம் வரை ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்தார். அது நம்மூர்க் கருங்கல் புத்தி. கல் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். 1960-இல் ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் அதைத் தலைகீழாக்கினார். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள் நமக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கிருந்து கீழே வடம் விடு, சமன் செய்ய வெளிப்பக்கமும் நீட்டு என்றார். வடம் அந்த உயரத்தில்தான் மிகத் தடிமனாக இருக்க வேண்டும். பையன் சொன்ன அதே கணக்கு.

ஆனால் எந்தக் கயிறு? ஒரே தடிமனான கிரேன் வடத்தைத் தொங்கவிட்டால் முப்பது கிலோமீட்டருக்குள் தன் எடையிலேயே அறுந்துவிடும். குண்டு துளைக்காத உடுப்பில் போடும் கெவ்லார் இழை 250 கிலோமீட்டர் போல தாங்கும். தேவையோ, மேலே போகப்போகப் பூமியின் ஈர்ப்பு குறைவதால் அந்த 35,786 முழுதும் வேண்டாம் என்றாலும், ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் தாங்கும் கயிறு. கரி அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாயான கரிம நானோகுழாய் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. 2018-இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் இழுவலுவின் அளவில் 80 கிகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் கற்றையைச் செய்து காட்டினார்கள். நீளம் எவ்வளவு என்கிறாய்? சென்டிமீட்டர் கணக்குதான்! ஓர் அணு இடம் தப்பினாலும் வலு சரிந்துவிடும் என்பதால் நீட்டுவது லேசில்லை.

ஆனாலும் இந்தப் பைத்தியம் விடவில்லை. சந்திரயான்-3-ஐத் தூக்கிய எல்விஎம்-3 ராக்கெட் கிளம்பும்போது 640 டன், சந்திரயான் 3.9 டன். மிச்சத்தில் பெரும்பாலும் எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள். வடத்தில் ஏறும் வண்டிக்கு அந்தச் சுமை இல்லை, மணிக்கு 200 கிலோமீட்டரில் போனாலும் ஏழெட்டு நாளில் அந்த 35,786 கிலோமீட்டர் உயரத்தைச் சேரலாம். என் காலத்தில் வராது. பேத்தியிடம் லிப்ட் தயார், கயிறுதான் இன்னும் திரிக்கவில்லை என்று சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மாங்காய் காய்ப்பு பரவாயில்லை, ஜூனில் வா. மோட்டாருக்குப் புதுக் கயிறு வாங்கிவிட்டேன். இந்த முறை இரட்டையாக.

உன்,
கோவிந்தன்