பிரிக்ஸ் பித்தனுக்கு ஹட்டனிலிருந்து

அன்பின் செல்வா,

பதில் போடாமல் இழுத்துவிட்டேன். திட்டி முடித்துவிட்டு மேலே வாசி. இங்கே எல்லாரும் சுகம். மாஸ்டர் அதே குடை, அதே கோபம்.

'பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளின் கூட்டணியான பிரிக்ஸில் இலங்கை சேர்ந்தால், சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலில் நிற்கத் தேவையில்லை' என்று எழுதியிருக்கிறாய். மச்சான், பிரிக்ஸின் இரண்டு பணப்பெட்டியை ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. ஒன்று, ஷாங்காயில் உள்ள அவர்களின் புதிய அபிவிருத்தி வங்கி; பாதை, மின்சாரம், தண்ணீர் என்று திட்டங்களுக்குக் கடன் கொடுக்கிற இடம். அதில் சேர பிரிக்ஸ்காரனாக இருக்க வேண்டியதில்லை. பங்களாதேஷ் 2021இல் அப்படித்தான் உள்ளே போனது. ஸ்தாபகர் ஐவருக்கும் சம பங்கு, தனியாளாகத் தடுக்கிற வீட்டோ அதிகாரம் யாருக்கும் கிடையாது. நல்ல சங்கதிதான். ஆனால் 2022இல் நம்மிடம் தீர்ந்துபோனது எரிபொருள் கப்பலுக்குக் கட்டுகிற டொலர்.

அந்த மாதிரி டொலர் அவசரத்துக்கு அந்த ஐவர் தங்களுக்குள் வைத்திருப்பதுதான் இரண்டாவது பெட்டி, 100 பில்லியன் டொலர் ஒதுக்கு ஏற்பாடு. பணம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கவில்லை, தருவதாக வாக்குத்தான். சீனா 41, பிரேசில், இந்தியா, ரஷ்யா தலா 18, தென்னாபிரிக்கா 5. தென்னாபிரிக்கா தன் பங்கைப்போல் இரு மடங்கு, 10 பில்லியன் வரை கேட்கலாம். அதில் 30 சதவீதம், அதாவது 3 பில்லியன்தான் ஐ.எம்.எஃப். திட்டம் இல்லாமல். மிச்ச 70க்கு ஐ.எம்.எஃப். திட்டம் கையில் இருக்க வேண்டும்! கடன் கேட்கிறவன் வீட்டுக் கணக்கைக் கிளறுகிற கெட்ட பெயரை ஐவரில் ஒருவரும் சுமக்கத் தயாரில்லை. நீ தப்பியோட நினைத்த வாசலுக்கே இந்தப் பாதையும் வந்து சேருகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. பெரிய பொருளாதார நாடுகளின் ஜி20 குழு கடன் சீரமைப்புக்காக 2020இல் கொண்டுவந்த பொதுக் கட்டமைப்பு ஏழை நாடுகளுக்கு மட்டும்; நாம் நடுத்தர வருமான நாடு, வெளியே நின்றோம். அதனால் நமக்குக் கடன் கொடுத்தவர்களில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு, சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம் தனியே. இந்தியாவும் சீனாவும் பிரிக்ஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள், நம் கடனைப் பேச வந்தால் வேறு வேறு அறை. கடைசியில் 2024 ஜூன் 26இல் ஒரே நாளில் இரண்டு கடன் சீரமைப்பு ஒப்பந்தம்: அந்தக் குழுவோடு 5.8 பில்லியன் டொலருக்கு, சீன எக்ஸிமோடு 4.2 பில்லியனுக்கு.

பிரிக்ஸில் இருக்கிற ஈரானோடு நாம் செய்த தேயிலைக் கதையையும் பெரிதாகப் பாடியிருக்கிறாய். நாம் ஈரானுக்குக் கட்ட இருந்த எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலர், அதை அடைக்க மாதம் 5 மில்லியனுக்குத் தேயிலை. இங்கே ஏற்றுமதியாளருக்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ரூபா, அங்கே வாங்குகிறவர் கட்டுவது ரியால். டொலர் கைமாறுவதே இல்லை. கெட்டித்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் போகிற தேயிலை, நமக்கு உரம் வாங்க ஒரு டொலரும் கொண்டுவராது. போதாக்குறைக்கு, மத்திய கிழக்கு விரும்பிக் குடிப்பது பெரும்பாலும் தாழ்நாட்டுத் தேயிலை. நம்ம மலைக்கு என்ன வந்தது, சொல்லு.

கூட்டத்தில் பேசப் போகிறாயாமே. 'அங்கத்துவம் கொடு' என்பதோடு நிறுத்தாதே. 2024இல் ரஷ்யாவின் கசானில் நடந்த பிரிக்ஸ் மாநாட்டில் கேட்டுப் பார்த்தாயிற்று, 13 பங்காளி நாடுகளில் நம் பெயர் இல்லை. நடுத்தர வருமான நாட்டுக்கும் அந்தப் பொதுக் கட்டமைப்பைத் திறந்துவிடு, கடன்காரர் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடு என்று கேள். மாஸ்டர் கைதட்டாவிட்டாலும் நான் தட்டுகிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லு. மறுப்பிருந்தால் உடனே எழுது.

உன்,
குமார்