நோரூஸில் தண்ணீர் பிரியும் இடம்

கும்பகோணம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேது,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஊர் திரும்பியே மூன்று மாதம் ஆகிறது. நீ இரண்டு முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. பாலுவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், பேச்சு வராது என்ற பயம்தான். எழுதினால் வரும் என்று தோன்றுகிறது.

வீட்டில் எல்லோரும் நலம். பேத்திக்கு நாலு பல் வந்துவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் உன்னை விசாரித்தார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன நடையை நடக்கிறாயா, இல்லை திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறாயா? அந்த ஆபரேஷன் மட்டும் குறுக்கே வராவிட்டால் நீயும் கூட வந்திருப்பாய். நான் பார்த்ததில் பாதியை நீதான் பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மகள் இருக்கும் துலூஸ், பிரான்சின் தென்மேற்கில், அழகான ஊர். அந்தப் பக்கத்தில் நல்ல கட்டுமானக் கல் அருமை என்பதால் எல்லாமே செங்கல். சென்-செர்னென் என்ற பெரிய கோவிலே செங்கல்தான். மாலை வெயிலில் ஊர் முழுவதும் ரோஜா நிறத்துக்கு மாறிவிடுகிறது. மெட்ரோவில் நிறுத்தங்களின் பெயரைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, உடனே வேறொரு மொழியிலும் சொல்கிறார்கள். ஆக்சிதான் என்று பெயர். ஒரு காலத்தில் தென்பகுதி முழுவதும் அதைத்தான் பேசியிருக்கிறார்கள். அதில் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓக்’. லாங்தோக் என்ற பிரதேசத்தின் பெயருக்கே ‘ஓக் மொழி’ என்றுதான் பொருள். பள்ளிக்கூடத்தில் அதைப் பேசிய பிள்ளைகளைத் தண்டித்துத் தண்டித்து, இப்போது கிழவர் கிழவிகள் வாயில் மிச்சமிருக்கிறது. ஆமாம் என்ற சொல்லால் ஒரு நாட்டுக்குப் பெயர் வைத்த ஜனங்கள், சேது! அந்த அறிவிப்பைக் கேட்பதற்காகவே நான் தினமும் ஒருதரம் மெட்ரோவில் ஏறினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் கால்வாய். எஞ்சினியராக சர்வீஸில் சேர்ந்த காலத்திலிருந்து வெறும் பெயராகக் கேட்டிருந்தோமே, கனால் து மிதி, அதேதான். மகள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. துலூஸில் தொடங்கி, மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் தோ என்ற காயல் வரை 240 கிலோமீட்டர். மேற்கே கரோன் ஆறு அட்லாண்டிக்குக்குப் போகிறது. ஆக, இரண்டு கடலையும் இணைத்துவிட்டார்கள். 1666-இல் தொடங்கி 1681-இல் முடித்திருக்கிறார்கள். பதினைந்து வருஷம், மண்வெட்டியும் கூடையும் வெடிமருந்தும்தான்.

இதைச் செய்தவர் எஞ்சினியர் இல்லை. பியர்-போல் ரிக்கே, பெசியே ஊர்க்காரர், உப்பு வரி வசூலிக்கும் குத்தகைதாரர். ஐம்பது வயதுக்கு மேல் இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கால்வாய் வெட்ட வேண்டும் என்ற ஆசை அந்த நாட்டு ராஜாக்களுக்குப் பல தலைமுறையாக உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நின்றார்கள். நடுவில் மேடு. படகை லாக் லாக்காக, அதாவது இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி தொட்டியாக, ஏற்றி மேட்டைத் தாண்டவைத்து மறுபக்கம் இறக்க வேண்டும். ஒவ்வொரு முறை லாக்கைத் திறக்கும்போதும் மேலே இருக்கும் தண்ணீர் கீழே போய்விடும். பக்கிங்காம் கால்வாயில் நாம் பார்த்ததுதான். ஆனால் அது கடலோரச் சமவெளி. இங்கே உச்சி 190 மீட்டர் உயரம். அந்த உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

ரிக்கே என்ன செய்தார் தெரியுமா? கால்வாய் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்காமல், வடகிழக்கே இருக்கும் கறுப்பு மலைக்குப் போனார். அங்கே மழை அதிகம். மலையில் ஓடிய ஓடைகளை ஒவ்வொன்றாக மடக்கி, சரிவோடு சரிவாக ஒரு வாய்க்கால் ஓட்டி, நோரூஸ் என்ற உச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மெயின் கால்வாயைவிட அந்தத் தலைவாய்க்கால்தான் மூளை. கோடையில் ஓடை வற்றுமே என்று மலையடிவாரத்தில் சென்-ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டினார். மூன்று கற்சுவர், நடுவில் மண் நிரப்பு. கொள்ளளவு 60 லட்சம் கன மீட்டருக்கு மேல். நம் கணக்கில் 200 மில்லியன் கனஅடியைத் தாண்டும். 1672-இல் முடித்த அணை, இன்றைக்கும் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதன் கரையில் நின்றபோது என் கை தானாகவே கரைச்சரிவில் கசிவு இருக்கிறதா என்று தேடியது. மாப்பிள்ளை சிரித்தார். அவர் விமானம் கட்டுகிறவர், அவருக்கு என்ன தெரியும்.

நோரூஸுக்கு மூன்று முறை போனேன். பெரிய இடம் ஒன்றும் இல்லை. மரங்கள், புல், ஒரு சின்ன மதகு, சலசலப்பு. மலையிலிருந்து வரும் தண்ணீர் அங்கேதான் கால்வாயில் விழுகிறது. விழுந்ததும் பாதி கிழக்கே திரும்புகிறது, பாதி மேற்கே. ஒரே ஓடையில் பக்கத்தில் பக்கத்தில் வந்த துளிகள், ஒன்று மத்தியதரைக் கடலுக்கு, இன்னொன்று அட்லாண்டிக்குக்கு. ரிக்கே அந்த இடத்தில் எட்டு மூலையாகப் பெரிய தேக்கமும் வெட்டியிருந்தார், ஊரே அமைக்க நினைத்தார். சில பத்தாண்டுகளிலேயே வண்டல் மூடிவிட்டது. இப்போது அந்தப் பள்ளத்தில் மரவரிசை நிற்கிறது. வண்டல் எந்த மகானையும் விட்டுவைப்பதில்லை. ஓடைகளை நேராகக் கால்வாயிலேயே விட்டதும் தொல்லைதான். பின்னால் வொபான் என்ற ராணுவ எஞ்சினியர் வந்து, ஓடைகள் கால்வாய்க்கு அடியில் புகுந்து போகும்படி பல இடங்களில் வழி செய்து கொடுத்தார். பாலு எத்தனை முறை கத்தினான், வடிகாலையும் பாசன வாய்க்காலையும் கலக்காதீர்கள் என்று.

லாக் ஒவ்வொன்றும் முட்டை வடிவத்தில் இருக்கிறது. முதலில் நேர்ச்சுவராகக் கட்டினார்கள், மண் தள்ளிச் சுவர் சரிந்தது. பிறகு சுவரை வெளிப்பக்கமாக வளைத்தார்கள், படுக்கப் போட்ட ஆர்ச் மாதிரி. அதற்கப்புறம் நிற்கிறது, முந்நூற்றைம்பது வருஷமாக. பெசியே ஊர் ஓரத்தில் இப்படி எட்டுத் தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுபோல் வைத்திருக்கிறார்கள். 300 மீட்டர் நீளத்தில் 21 மீட்டருக்கு மேல் ஏற்றம். படகு ஏறுவதைப் பார்க்க ஜனங்கள் தேர் பார்ப்பதுபோல் நிற்கிறார்கள். நானும் நின்றேன், நகர மனம் வரவில்லை.

அந்த ஊருக்குப் பக்கத்திலேயே மல்பா என்று ஒரு குன்று. கால்வாய் அதைக் குடைந்துகொண்டு போகிறது, 160 மீட்டருக்கு மேல். படகு போவதற்காகக் குடைந்த முதல் சுரங்கம் அதுதான் என்கிறார்கள். குன்றின் மேல் பழைய கோட்டை மேடு, ஆன்செரூன். அங்கே ஏறிக் கீழே பார்த்தால், சேது, வட்டமாக ஒரு பெரிய நிலம், சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் வயல்கள். ஒரு காலத்தில் ஏரி. 1247-இல் பேராயரிடம் அனுமதி வாங்கி, ஆரக்கால் ஆரக்காலாக வாய்க்கால் வெட்டி, தண்ணீரை நடுவுக்கு இழுத்து, இதே குன்றுக்கு அடியில் சுரங்கம் போட்டு வடித்திருக்கிறார்கள். ஒரே குன்றில் அந்த வடிகால், அப்புறம் படகுக் கால்வாய், அப்புறம் ரயில். மூன்று காலத்துச் சுரங்கமும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் போகின்றன. நான் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் பாட்டில் தீர்ந்தபின்தான் எழுந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். கஸ்தெல்நோதாரி என்ற கால்வாய்க்கரை ஊரில் கசூலே சாப்பிட்டேன். வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறு, அதில் வாத்துக்கறி, பன்றிக்கறி, அவர்கள் ஊர் சாசேஜ், எல்லாம் போட்டு மண்சட்டியில் மணிக்கணக்காக அடுப்பில் வைக்கிறார்கள். அந்தச் சட்டிக்குப் பெயர் கசோல், அதிலிருந்துதான் பண்டத்துக்கும் பெயர். மேலே ஆடை கட்டக் கட்ட உடைத்து உள்ளே அமுக்க வேண்டும், ஏழு முறை என்று கணக்கு. துலூஸ், கர்கசோன், கஸ்தெல்நோதாரி, மூன்று ஊரும் எங்களுடையதுதான் அசல் என்கின்றன. தோ காயலில் வளர்க்கும் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடச் சொன்னார்கள். ஒன்று சாப்பிட்டேன், போதும். பயறு உனக்காக ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறேன். வெந்தயக்குழம்பில் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

கர்கசோன் கோட்டையும் பார்த்தேன். இரட்டை மதில், 52 கோபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்க இருந்ததை உள்ளூர்க்காரர்கள் போராடித் தடுத்தார்கள். வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் பழுது பார்த்தார். கூம்புக் கூரைக்கு அவர் பிரான்சின் வடபகுதிக் கற்பலகை போட்டது சரியா என்று சண்டை போட்டிருக்கிறார்கள். கோட்டை பிரமாதம்தான், ஆனால் எனக்குப் பிடித்தது வேறு கதை. கால்வாய் வெட்டும்போது உங்கள் ஊர் வழியாகப் போக வேண்டுமானால் பங்குத் தொகை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கர்கசோன்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கால்வாய் ஊரைத் தொடாமல் போய்விட்டது. அப்புறம் வியாபாரம் போனதைப் பார்த்து, 1810-இல் ஊர் வழியாகத் திருப்பிக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஊர் தன் வாசலில் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கிறது.

இனி அந்த நாளைப் பற்றி.

வைகாசியில், நோரூஸுக்கு இரண்டாம் முறை போய் வந்த மறுநாள் காலை, பாலுவின் பையன் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றான். டிக்கெட் பார்த்தோம். எப்படி மாற்றினாலும் காரியத்துக்கு வந்து சேர முடியாது என்று தெரிந்தது. நான் வெளியே போய் நடந்தேன். நடந்து நடந்து சென்-எத்தியென் கதீட்ரலுக்கு வந்திருந்தேன். ரிக்கேயை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் திறந்தது 1681 மே மாதம். கடைசி ஒரு துண்டுதான் பாக்கி. கைக்காசையெல்லாம் போட்டு, கடன்பட்டு, பதினான்கு வருஷம் ஓடி, படகு போவதைப் பார்க்காமலே போய்விட்டார். கடனை அடைக்கப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் ஆயிற்று.

பாலு நம்மோடு வேலை பார்த்தபோது வரைந்த அந்த ரெகுலேட்டரை, தண்ணீரைப் பிரித்துவிடும் அந்த மதகுக் கட்டுமானத்தை, நீ மறந்திருக்க மாட்டாய். எந்த டிவிஷன் என்று எழுதப் போவதில்லை. நில உயரத்தை அளந்து லெவல் எடுத்தது அவன், மதகு எங்கே வர வேண்டும் என்று ஆறு மாதம் சண்டை போட்டது அவன். தளம் போட்ட மாதத்தில் மாற்றல். திறப்பு விழாவுக்கு அழைப்புக்கூட இல்லை. அடுத்த வருஷம் தஞ்சாவூரில் பார்த்தபோது, “தண்ணி கடைமடைக்குப் போகுதாமா?” என்று மட்டும் கேட்டான். நாம் இரண்டு பேரும் அவனுக்காக அன்று ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும், சேது. எழுதவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, உனக்கும் உறுத்தும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அங்கே படித்தேன். ரிக்கே தன் ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கும், மழை நாளுக்கும், உடம்பு முடியாத நாளுக்கும் சேர்த்து. பன்னிரண்டாயிரம் பேர் வரை வேலை செய்த காலம் உண்டு, நிறையப் பெண்களும். இதை மாப்பிள்ளை வாசித்துச் சொன்னதும் எனக்குப் பாலுவின் மஸ்டர் ரோல், அந்த ஆள் வருகைப் பதிவேடு, ஞாபகம்தான். மழை பெய்தால் என்.எம்.ஆர். என்ற தினக்கூலி ஆட்களுக்குக் கூலி இல்லை என்பது விதி. அவன் அவர்களைக் கொட்டகையில் உட்காரவைத்து, கூடை பின்னச் சொல்லி, வேலை என்று எழுதுவான். ஆடிட்டில் அதற்கு விளக்கம் கேட்டார்கள். கூடையைக் காட்டினான்.

கால்வாய் ஓரத்தில் இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள், 42,000 இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தவை. கிளைகள் மேலே கூடி, பந்தல் போட்ட மாதிரி இருக்கும். வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது அவை செத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துப் பெட்டிப் பலகையில் ஒரு பூஞ்சை வந்து சேர்ந்ததாம். கால்வாய்க் கரையில் 2006-இல் கண்டுபிடித்தார்கள். மருந்து இல்லை. நோய் கண்ட மரத்தையும் பக்கத்து மரத்தையும் வெட்டி அங்கேயே எரிக்கிறார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் மொட்டைக்கரை, பார்க்க முடியவில்லை. இந்தத் தடவை ஒரே ஜாதி மரம் வைக்காமல், ஓக்கும் இன்னும் சில மரங்களும் கலந்து நடுகிறார்கள். இடுப்பளவு கன்றுகள். நிழல் தர நாற்பது வருஷம் ஆகும். நட்டுக்கொண்டிருந்தவர் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவர்.

சேது, உன்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும், அவசரம். பாலு வீட்டில் மச்சு அறையைக் காலி செய்யப் போகிறார்களாம். அவனுடைய லெவல் புத்தகங்கள் எல்லாம் பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, பச்சை அட்டை போட்டவை. அண்ணிக்கு அது என்னவென்று தெரியாது, பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடும். வடவாறு பக்கத்து லெவல் எல்லாம் அதில்தான் இருக்கிறது, ஆபீஸ் காப்பி வெள்ளத்தில் போனது உனக்கே தெரியும். நீ அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறாய். முழங்கால் முடியாவிட்டால் பையனை வண்டியில் அனுப்பு. பெட்டியோடு வாங்கி உன் வீட்டில் வை. தீபாவளிக்கு முன்னால் நான் பயறையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ராமு