ஷிரோயோனே படிவயல்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் ஜப்பானைப் பற்றி வெளியான கட்டுரையில், இஷிகாவா மாகாணத்து வாஜிமா நகரைச் சேர்ந்த ஷிரோயோனே சென்மைதா படிவயல்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. மகிழ்ச்சி. ஆனால் கடலில் சூரியன் இறங்குவதையும், குளிர்கால இரவுகளில் வரப்புகளில் ஒளிரும் சூரிய ஆற்றல் விளக்குகளையும் சொன்னதோடு அந்தப் பத்தி முடிந்துவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று, வாஜிமா அமைந்துள்ள நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே சென்று வந்தவன் நான். கட்டுரையை நம்பிப் புறப்படுகிறவர்கள் அங்கே காணப்போவது வேறு என்பதையும், அதுவும் போய்ப் பார்க்கத் தகுந்ததே என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சாலையோரத்திலிருந்து ஜப்பான் கடலின் கரை வரை சரிந்து இறங்கும் ஏறக்குறைய 4 ஹெக்டேர் நிலத்தில் 1,004 வயல்கள் உள்ளன. வரப்பும் இடைச்சரிவும் நீங்கலாகச் சராசரியாகப் பார்த்தால் ஒரு வயல் 20 சதுர மீட்டருக்கும் குறைவு. ஒருவர் உட்கார்ந்தாலே மறைந்துவிடக்கூடிய வயல்களும் உண்டு. வயல்களை எண்ணிப் பார்த்த உழவர் ஒன்று குறைகிறதே என்று தேடிச் சலித்து, வீடு திரும்பும்போது தரையில் கிடந்த தன் வைக்கோல் மழையங்கியை எடுத்தாராம், அதன் அடியில் அந்த வயல் இருந்ததாம் என்று அங்கே ஒரு பழங்கதை சொல்கிறார்கள். இவ்வளவு சிறிய வயல்களில் நடவு இயந்திரத்துக்கோ அறுவடை இயந்திரத்துக்கோ வேலையில்லை. மே மாதத்தில் கையால் நடுகிறார்கள், செப்டம்பரில் அரிவாளால் அறுக்கிறார்கள். ஜப்பானின் பெரும்பாலான நெல் வயல்கள் முழுக்க இயந்திரமயமாகிவிட்ட இந்நாளில், இங்கே விளையும் அரிசி வணிகக் கணக்குக்குக் கட்டுப்படியாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்தச் சரிவின் இயல்பைத்தான் கட்டுரை அவசியம் தொட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஜப்பானில் படிவயல்கள் பல இடங்களில் பழைய நிலச்சரிவுகளின் மேல்தான் உருவாகியுள்ளன. சரிந்து வந்த மண் களிப்பாங்கானது, வெட்டுவதற்கு எளிது, நீரைப் பிடித்து வைப்பது. சரிவுக்குள் ஊற்றும் கிடைக்கும். ஷிரோயோனேவும் அப்படிப்பட்ட நிலமே. 17ஆம் நூற்றாண்டில் பெரிய நிலச்சரிவைக் கண்ட பின்னரும் அங்குள்ளவர்கள் அதே சரிவில் மீண்டும் வரப்பு கட்டினார்கள். வயலில் நீர் நிற்கும் வரை களிமண் இளகி, வெடிப்பின்றி இருக்கும். பயிரிடாமல் விட்டால் மண் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்புகள் வழியே மழைநீர் ஆழத்துக்கு இறங்கினால் சரிவே நகரத் தொடங்கும். எனவே ஆண்டுதோறும் செய்யும் நடவு, நெல்லுக்காக மட்டுமல்லாமல் அந்த மலைச்சரிவை அதன் இடத்தில் இருத்தி வைப்பதற்காகவும்தான்.

நிலநடுக்கம் தாக்கியது இந்த இடத்தைத்தான். வரப்புகள் குலைந்தன, வயல்களின் அடித்தளத்தில் வெடிப்புகள் ஓடின, பாசன வழிகளும் பழுதாயின. வெடித்த வயலில் நீர் நிற்காது. ஆகவே பிளவைத் தோண்டி, மண் நிரப்பி, மிதித்து இறுக்கி, வரப்புக்குப் புதிதாகச் சேறு அணைத்த பின்னரே அதில் நாற்று வைக்க முடியும். பொக்லைன் நுழைய இடமில்லாததால் இதில் பெரும்பகுதி மண்வெட்டி வேலை. பராமரிப்பைச் செய்துவரும் ஐகோகாய் என்ற உள்ளூர்க் குழுவினரில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்களும் உண்டு. அப்படியிருந்தும் 2024இல் சுமார் 120 வயல்களில் நட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று வாஜிமாவில் ஒரு மணி நேரத்தில் 120 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழை மண்ணை அடித்து வந்து, சீர்செய்ததையும் சேதப்படுத்தியது. 2025இல் நடவு கண்டவை சுமார் 250 வயல்கள். நான் பார்த்தபோது பசுமையாக நின்ற சில வரிசைகளுக்குப் பக்கத்திலேயே புல் மண்டிய தட்டுகளும் வெறும் மண்ணும் இருந்தன. சுற்றுலாப் படங்களில் இருப்பது அதுவல்ல. ஆனாலும் படிவயல் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்பதை முழுமையாகப் பச்சை போர்த்த நாள்களில் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது.

ஜப்பான் அரசு 1970 முதல் பல பத்தாண்டுகள் நெல் பரப்பைக் குறைக்கும் கொள்கையைப் பின்பற்றியபோது, கைவிடப்பட்டவற்றில் முன்வரிசையில் இருந்தவை இத்தகைய மலைச்சரிவு வயல்களே. பின்னர் 1999இல் வேளாண் அமைச்சகம் சிறந்த படிவயல்களாக 134 இடங்களைத் தேர்ந்தெடுத்தது; ஷிரோயோனே 2001இல் தேசிய எழிற்காட்சித் தலமானது; 2011இல் நோட்டோவின் மலையும் கடலும் சார்ந்த வேளாண் வாழ்க்கை முழுவதையும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது. இந்தப் பட்டங்களைவிட, 2007இல் அங்கே தொடங்கிய வயல் உரிமையாளர் திட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். வெளியூர்க்காரர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு வயலைத் தத்தெடுக்கிறார், நடவுக்கும் அறுப்புக்கும் வந்து கைகொடுக்கிறார், விளைந்த அரிசியில் பங்கு பெறுகிறார். பட்டம் வரப்பு வெட்டுவதில்லை. இரவு விளக்குகளையும் நான் குறை சொல்லவில்லை. வேளாண் வேலை இல்லாத பனிக்காலத்திலும் அவை ஆட்களை வரவழைக்கின்றன. விளக்கைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அதன் கீழே இருக்கும் வரப்பு எதற்கு என்று தெரியாமல் போவதுதான் குறை.

ஆகவே இவ்விடத்தைப் பற்றி இனி எழுதும்போது சில நடைமுறைச் செய்திகளையும் சேர்க்க வேண்டுகிறேன். வாஜிமாவுக்கு ரயில் கிடையாது. அந்தப் பாதை 2001இலேயே மூடப்பட்டுவிட்டது. மாகாணத் தலைநகரான கனசாவாவிலிருந்து பேருந்திலோ காரிலோதான் செல்ல வேண்டும். கடலோரத்து 249ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பல இடங்களில் சிதைந்து, படிப்படியாகத்தான் சீரமைக்கப்பட்டு வருகிறது. புறப்படும் முன் சாலை நிலவரத்தை விசாரிப்பது கட்டாயம். பார்வையாளர்களுக்கான நடைவழியை விட்டு வரப்பில் ஏறக் கூடாது. புதுச்சேறு அணைத்த வரப்பு ஒரு மனிதரின் எடையைத் தாங்காது, அது உடைந்தால் கீழ்த்தட்டு வரை நீர் வடிந்துவிடும். படம் எடுத்துக்கொண்டு அன்றே கனசாவாவுக்குத் திரும்பாமல், நோட்டோவில் திறந்திருக்கும் விடுதி ஒன்றில் ஓர் இரவாவது தங்குவது நல்லது. வசதியுள்ளவர்கள் உரிமையாளர் திட்டத்தில் சேரும் முறையை அங்கேயே கேட்டறியலாம். பயணப் பகுதியில் அந்த ஒரு பத்திக்குப் பதில் அரைப்பக்கம் ஒதுக்கினால் இவையனைத்தும் அதில் அடங்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்