அலோன்சோ வராத வருத்தத்தில் இருக்கும் மகனுக்கு

யீஷூன்
28 ஏப்ரல் 2024

தம்பி,

குளோப் விலகியபிறகு நம் லிவர்பூல் கால்பந்துக் குழுவுக்கு யார் மேனேஜர் என்று நேற்று போனில் நீயும் மாமாவும் மாறி மாறிப் பேசியதில் நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிட்டது. அலோன்சோவுக்குப் பதில் டச்சுப் பயிற்சியாளர் ஸ்லாட் வரக்கூடும் என்றதும், "யாரும்மா இந்த ஸ்லாட்? இவன் வந்தா நான் ஒரு சீசன் மேட்சே பார்க்கமாட்டேன்" என்றாய். அதற்கு என்னிடம் நிறையப் பதில் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. மார்ச் 29ஆம் தேதி, ஜெர்மனியின் லெவர்குசன் குழுவிலேயே மேனேஜராக இருக்கப்போகிறேன் என்று அலோன்சோ சொன்ன அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. 2005இல் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், மிலான் கோல்காப்பாளர் டீடா தடுத்த பெனால்டியை அவரே பாய்ந்து வலைக்குள் அடித்து 3–3 ஆக்கியபோது, விடியாத நேரத்தில் உன்னை எழுப்பித் தூக்கிக்கொண்டு ஆடியவள் நான். 2022 அக்டோபரில் அவர் போனபோது லெவர்குசன் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். இந்த மாதம் 14ஆம் தேதி அதே குழு ஜெர்மன் லீக்கை வென்றுவிட்டது, பயர்ன் தொடர்ந்து பதினொரு ஆண்டு பிடித்துவைத்திருந்த பட்டத்தை. இப்படிப்பட்டவரை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் நம் சட்டை போட்டு விளையாடியவராக இல்லாமல் இருந்தால் உனக்கு இவ்வளவு வலித்திருக்குமா? பழைய பாசத்தை மட்டும் வைத்து மேனேஜரைத் தேடினால் என்ன ஆகும் என்று நம் குழு ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டது. நீ பிறக்கும் முன் நடந்தது.

1991 பிப்ரவரி 20. எவர்ட்டன் மைதானத்தில் எஃப்ஏ கிண்ண ஆட்டம். நான்கு தடவை நாம் முந்தினோம், நான்கு தடவையும் அவர்கள் எட்டிப் பிடித்தார்கள், 4–4. இரண்டே நாளில் நம் மேனேஜர் கென்னி டால்கிலிஷ் விலகிவிட்டார். 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த நம் ரசிகர்களின் இறுதிச் சடங்குகளுக்கு வரிசையாகப் போய்வந்த மனிதர் அவர். அந்தப் பாரம் அவருக்குள் எவ்வளவு நாள் இருந்ததோ. குளோப் இந்த ஜனவரியில் "சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது" என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது டால்கிலிஷின் முகம்தான். ஒரு வித்தியாசம். டால்கிலிஷ் திடீரென்று போனார், அப்போது லீக்கில் நாம்தான் முதலிடம். குளோப் சீசன் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே சொல்லிவிட்டார். அந்த மனிதர் நமக்குச் செய்த கடைசி நன்மை அது என்று நான் நினைக்கிறேன்.

டால்கிலிஷுக்குப் பிறகு யார் என்று கேட்டபோது எல்லாருக்கும் ஒரே பதில்தான், கிரேம் சூனஸ். நம் முன்னாள் கேப்டன். 1984இல் ரோமில் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியவர். ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸைக் கையில் எடுத்து லீக் பட்டங்களை அள்ளியவர். நடுக்களத்தில் அவரைப்போல் ஆளே இல்லை என்று தாத்தா சொல்வார். உன் அலோன்சோவுக்கு நீ சொல்லும் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார், எல்லாம் அப்படியே சூனஸுக்கும் இருந்தது.

வந்தவர் என்ன செய்தார்? குழுவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தார். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் பார்த்தார். பியர்ட்ஸ்லியை எவர்ட்டனுக்கே விற்றார். மெக்மஹோன் போனார், ஹவுட்டன் போனார், ஸ்டான்டன் போனார். வேறொருத்தி ஆண்ட அடுக்களைக்குள் வந்து முதல் வாரத்திலேயே மசாலா டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்த மாதிரி. அதற்கு முன் பத்து சீசன்கள் தொடர்ந்து முதலிடம் அல்லது இரண்டாம் இடம். சூனஸ் காலத்தில் இரண்டு சீசன் ஆறாவது இடம். 1992இல் எஃப்ஏ கிண்ணம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் லீக் பட்டத்துக்கு 2020 வரை காத்திருந்தோம். அந்த முப்பது ஆண்டுக்கும் சூனஸ்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். முதல் கல் பெயர்ந்தது அங்கேதான் என்று தாத்தா கடைசிவரை சொன்னார், நானும் அதைத்தான் நம்புகிறேன்.

அலோன்சோ இன்னொரு சூனஸ் ஆகியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் வேறு மாதிரி ஆள். நம் வீட்டுப் பிள்ளை என்பதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளாதே என்றுதான் சொல்கிறேன்.

வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு எவர்ட்டன் ஆட்டம். நம் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் பார்த்தேன், அப்பா தூங்கிவிட்டார். 2–0 தோற்றதும் லீக் ஆசை போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, அடுத்த மேனேஜர் யார் என்பதுதான் பேச்சு. பக்கத்து புளோக் மலாய் அங்கிளுக்கு நம் பழைய கேப்டன் ஜெரார்டு வேண்டும். எப்போதும் மூலை மேசையில் உட்காரும் சீன அங்கிள் பிரைட்டனில் இருக்கும் டி ஸெர்பி என்றார். பாலிடெக்னிக் பையன்கள் இருவர் அமோரிம், அமோரிம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். லிஸ்பனில் அமோரிம் ஆடவைக்கும் ஆட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் பின்னால் மூன்று பேரை நிறுத்துபவர். நம்மிடம் இருக்கும் ஆட்கள் நான்கு பேர் தற்காப்புக்கும், இரு பக்கமும் அகலமாக ஓடும் முன்வரிசைக்கும் சேர்க்கப்பட்டவர்கள். அமோரிம் வந்தால் பாதிப் பேருக்குப் புதிய வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். அதை அந்தப் பையன்களிடம் சொன்னேன். ஆன்ட்டி இவ்வளவு பேசுவார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை, ஆனால் மரியாதையாகக் கேட்டார்கள்.

இப்போது ஸ்லாட்டுக்கு வருகிறேன்.

2022 மே மாதம் அவர் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் குழுவை ஐரோப்பியக் கான்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டம்வரை கொண்டுபோனார், இத்தாலியின் ரோமாவிடம் 1–0 தோல்வி. அந்தக் கோடையில் அவருடைய குழுவைப் பெரிய குழுக்கள் பிய்த்து எடுத்துக்கொண்டன. மலாசியா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, சினிஸ்டெரா லீட்ஸுக்கு, ஆர்ஸ்னஸ் பென்ஃபிகாவுக்கு, செனேசி போர்ன்மத்துக்கு. அங்கே பணக்காரக் குழுக்களான அயாக்சும் பிஎஸ்வியும் செலவு செய்யும் பணம் ஃபெயனூர்டிடம் கிடையாது. அந்த மனிதர் புலம்பவில்லை. கிடைத்த புது ஆட்களை வைத்து அடுத்த சீசனிலேயே டச்சு லீக்கை வென்றார். போன வாரம் டச்சுக் கிண்ணமும். போன ஆண்டு இங்கிலாந்தின் ஸ்பர்ஸ் குழு கூப்பிட்டும் போகாமல் இருந்தவர், இந்த வாரம் லிவர்பூலுக்கு வர விருப்பம் என்று தானே சொல்லியிருக்கிறார்.

செனேசியைப் போர்ன்மத்துக்கு வாங்கிய காலத்தில் அங்கே ஆட்களை எடுக்கும் பொறுப்பு ரிச்சர்ட் ஹியூஸிடம். அவர்தான் இப்போது நமக்கு விளையாட்டு இயக்குநராக வருகிறார். ஸ்லாட்டின் பயிற்சியில் ஒரு ஆட்டக்காரர் எப்படித் தேறி வருகிறார் என்று அவர் அப்போதே கவனித்திருப்பார். பேரைப் பார்த்து ஆள் எடுக்கும் கூட்டம் இல்லை இது. 2015இல் குளோப்பை எடுத்தபோதும் அப்படித்தானே? டோர்ட்மண்டில் அவருடைய கடைசி சீசனில் ஒரு கட்டத்தில் குழு பட்டியலின் அடியில் கிடந்தது, முடிவில் ஏழாவது இடம். மற்றவர்கள் அந்த ஏழை மட்டும் பார்த்தார்கள். நம் ஆட்கள் எத்தனை கோல் வாய்ப்பு உருவாக்கினார்கள், எத்தனை விட்டுக்கொடுத்தார்கள் என்று கணக்குப் போட்டு, ஆட்டம் கெடவில்லை, அதிர்ஷ்டம்தான் கெட்டது என்று கண்டுபிடித்தார்கள்.

நீ கேட்டவை மூன்று. டச்சு லீக் சுலபமானது என்கிறாய். சரிதான், பிரிமியர் லீக் அளவுக்கு அங்கே போட்டி கிடையாது. ரோமாவிடம் மூன்று ஆண்டு தொடர்ந்து தோற்றார் என்கிறாய், அதுவும் உண்மை. அதிலே ஒன்று பெனால்டியில் என்பதையும் சேர்த்துச் சொல். மூன்றாவது, மாமா கிளப்பிவிட்டது: "டச்சு லீக்கிலிருந்து யுனைடெட்டுக்கு வந்த டென் ஹாக் படும் பாட்டைப் பாரு, அங்கே ஃபெர்குசனுக்குப் பிறகு மோய்ஸ் என்ன ஆனார் பாரு." மாமா யுனைடெட் ரசிகர், அவர் வலி அவருக்கு. ஆனால் மோய்ஸ் கதையை அவர் பாதிதான் சொல்கிறார். 2013இல் ஃபெர்குசனே தேர்ந்தெடுத்து ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். மோய்ஸ் வந்ததும் பழைய பயிற்சியாளர்கள் வெளியே போக, தன்னோடு எவர்ட்டனில் இருந்தவர்களைக் கொண்டுவந்தார். பத்து மாதத்தில் வேலை போனது. எவர்ட்டனில் பதினொரு ஆண்டு இருந்தும் அவர் ஒரு கிண்ணமும் ஜெயித்ததில்லை. ஸ்லாட் குறைந்த பணத்தில் ஜெயித்துக் காட்டியவர். இரண்டும் ஒன்றில்லை, தம்பி.

எனக்கும் பயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். லைண்டர்ஸ், கிராவீட்ஸ் என்று குளோப்பின் உதவியாளர்களும் அவரோடே கிளம்புகிறார்கள். நம் பழைய மேனேஜர் ஷாங்க்லி 1974இல் போனபோது பின்னால் பாப் பெய்ஸ்லி இருந்தார். 1939இலிருந்து அந்த மைதானத்தில் கிடந்தவர். ஆட்டக்காரர், உடற்பயிற்சி பார்ப்பவர், துணைப் பயிற்சியாளர் என்று எல்லா வேலையும் செய்தவர். மேனேஜர் நாற்காலியே வேண்டாம் என்று தயங்கியவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். முதல் சீசனில் லீக்கில் இரண்டாம் இடம்தான், பெரிய கிண்ணம் எதுவும் வரவில்லை. அன்றைக்கு உன்னைப்போல் ஆயிரம் பேர் "இவன் யார்" என்று கேட்டிருந்தால்? ஒன்பது சீசனில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கிண்ணம். குளோப்புக்கும் முதல் சீசனில் எட்டாவது இடம். முதல் பெரிய கிண்ணம் வந்ததே 2019இல்.

இங்கே நம் சிங்கப்பூர்க் குழுவையும் பார். 2003இல் வந்த பயிற்சியாளர் அவ்ரமோவிச்சை 2012 வரை விட்டுவைத்தார்கள். தென்கிழக்காசியப் பட்டம் மூன்று தடவை வந்தது. 2019இலிருந்து யோஷிடா, நிஷிகாயா, ஓகுரா என்று மூன்று பயிற்சியாளர்கள். காலாங் மைதானத்தில் ஒரு ஆட்டம் தோற்றால் போதும், அடுத்த நாளே "கோச்சை மாற்று" என்கிறோம். எனக்கு இது ஆறவே ஆறாத கோபம்.

அதனால்தான் ஸ்லாட் வேண்டும் என்கிறேன். இருப்பதை இடிக்காமல், இருப்பவர்களை இன்னும் நன்றாக ஆடவைக்கத் தெரிந்தவர் நமக்கு வேண்டும். போன ஆண்டுதான் நடுக்களம் முழுக்கப் புதிதாகக் கட்டப்பட்டது. மக்அலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க். பிப்ரவரியில் செல்சியை எதிர்த்து லீக் கிண்ண இறுதியாட்டம் ஆடினோமே, நள்ளிரவு தாண்டி, பாதி ஆட்டக்காரர்கள் காயத்தில் கிடக்க, டான்ஸ், மெக்கானல், கிளார்க் என்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு. 118ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் முட்டியதும் நீ போனில் அழுதாய். அந்தக் குழுவையா இடித்துக் கட்டவேண்டும்?

நேற்று வெஸ்ட் ஹாமுடன் 2–2. களத்துக்குள் வர நின்ற சாலாவும் குளோப்பும் கோட்டோரத்தில் முறைத்துக்கொண்டதைப் பார்த்திருப்பாய். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எல்லாரும் களைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. சாலா, வான் டைக், டிரெண்ட், மூன்று பேருக்கும் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடிகிறது. வரப்போகிறவருக்கு முதல் சோதனை இதுதான், ஆட்டத்திட்டமெல்லாம் அப்புறம். மெல்பர்னில் உன் நண்பர்கள் ஸ்லாட்டின் பேரை வைத்துச் சண்டை போடுவதை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

மே 19, வுல்வ்ஸ் ஆட்டம், குளோப்புக்குக் கடைசி. இங்கே இரவு பதினொன்று, உனக்கு ஒரு மணி. அன்றைக்கு வீடியோவில் கூப்பிடு, மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். யுனைடெட் ரசிகராக இருந்தாலும் குளோப்பை வழியனுப்ப வருகிறேன் என்றார். அடுத்த சீசன் பார்க்கமாட்டேன் என்று சொன்னதை அதற்குள் வாபஸ் வாங்கிவிடு.

அந்த மூன்று பேரில் டிரெண்ட் விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. லிவர்பூலிலேயே பிறந்த பிள்ளை. மற்ற இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது, இவனுக்கு இருபத்தைந்து. ஸ்லாட் வந்ததும் இவனோடுதான் முதலில் உட்கார்ந்து பேசவேண்டும் என்பது என் எண்ணம். நடுக்களத்துக்கு மாற்றினால் இருப்பானா, அல்லது வலப்பக்கத் தற்காப்பிலேயே விடவேண்டுமா? நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. போனில் வேண்டாம், எழுது.

அன்புடன்,
அம்மா