செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கேளிக்கைப் பூங்காப் பெயர்களும் அவற்றின் உச்சரிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் உள்ளிட்ட நிர்வாகக் குழுவினரே, மேகமும் சாரலும் சூழ்ந்த இந்த நாளிலும் கோத்தகிரியிலிருந்தும் அரவங்காட்டிலிருந்தும் கேத்தியிலிருந்தும் குன்னூர் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது சங்கம் ஆற்றிய பணிகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்ததால் நவம்பர் மாதக் கூட்டம் தள்ளிப்போனது. மற்ற மாதக் கூட்டங்கள் முறையாக நடைபெற்றன. ஆண்டுச் சுற்றுலாவுக்கு வழக்கம்போல மலையடிவாரத்தில் உள்ள பிளாக் தண்டர் பூங்காவுக்குச் சென்றுவந்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டில் சங்கத்தின் நேரத்தையும் உழைப்பையும் பெரும்பகுதி எடுத்துக்கொண்டது சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி தொடங்கிய உச்சரிப்புக் கையேடு என்பதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தத் தீர்மானம் வந்ததற்கான காரணத்தைப் புதிய உறுப்பினர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நம்மில் சிலர் சுற்றுலா வாகனம் ஓட்டுகிறார்கள். சிலர் வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து தருகிறார்கள். சிலர் கல்லூரி மாணவர்கள். தண்டவாளத்தில் ஏறி இறங்கி விரையும் ரோலர் கோஸ்டர் மீதுள்ள ஆர்வம்தான் இவர்கள் அனைவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறது. ஆனால், சுவீடனிலிருந்து வந்த பயணிகளிடம் நமது உறுப்பினர் ஒருவர் ‘லைஸ்பர்க்’ பற்றி ஆவலோடு கேட்டபோது, தாங்கள் பிறந்து வளர்ந்த ஊரின் பூங்காவைத்தான் அவர் சொல்கிறார் என்பது அவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கூட்டங்களிலும் ஒரே பெயரை நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டு, பேச வந்த செய்தியை விட்டுவிட்டுப் பெயரிலேயே நின்றுவிடுவது வழக்கமாகிப்போனது.

கையேட்டுக்கென அமைக்கப்பட்ட துணைக்குழு முதல் அமர்விலேயே ஒரு விதியை வகுத்துக்கொண்டது. பூங்கா எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரார் நாவில் பெயர் எப்படி வருகிறதோ அதுவே நமக்குச் சரி. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நாமாக ஊகிக்கும் ஒலி சரியன்று. தொட்டபெட்டாவை ‘டோடபேட்டா’ என்று சொல்லும் பயணிகளைப் பார்த்துச் சிரிக்கும் நமக்கு இந்த விதியை மறுக்க நியாயம் ஏதும் இல்லை என்று தலைவர் அவர்கள் குறிப்பிட்டதும் விவாதம் முடிந்தது. பூங்காக்களின் சொந்த நாட்டு விளம்பரங்களையும், ரோலர் கோஸ்டர் வண்டி புறப்படும் மேடையில் ஒலிக்கும் அறிவிப்புகளையும் கேட்டு எழுதிக்கொள்வது என்றும், கேட்டு உறுதிசெய்யாத பெயரைக் கையேட்டில் சேர்ப்பதில்லை என்றும் முடிவாயிற்று.

ஜெர்மன் பெயர்கள் நாங்கள் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. மலை ரயிலில் பணியாற்றி ஓய்வுபெற்ற நமது மூத்த உறுப்பினரே அதற்குக் காரணம். நீலகிரி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்ட்டர்த்தூர் நகரில் செய்யப்பட்டவை. அந்த ஊரின் பெயர் ஆங்கில முறைப்படி உதட்டைக் குவித்துத் தொடங்குவதன்று, நம் வகரத்தைப் போலத் தொடங்குவது என்று அவர் சொல்லித் தந்ததைப் பிடித்துக்கொண்டோம். அதே வகரம்தான் ஒய்ரோப்பா பார்க்கில் 2012இல் வந்த மர ரோலர் கோஸ்டரான வோடானின் முதல் எழுத்திலும் இருக்கிறது. ருஸ்ட் என்ற சிற்றூரில் 1975இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவையே நாம் இதுவரை ‘யூரோப்பா’ என்றுதான் சொல்லிவந்தோம். ப்ர்யூல் நகரத்துப் பூங்கா ஃபன்ட்டாஸியாலான்ட் என்று வல்லின டகரத்தில் முடியும். ஹைடெ பார்க்கில் கடைசி எகரத்தை விழுங்கிவிடக் கூடாது. டிரிப்ஸ்டிரில் பூங்காவில் 2013இல் வந்த ரோலர் கோஸ்டரின் பெயரில் தொண்டையிலிருந்து எழும் ஓர் உரசொலி இருக்கிறது. அதைக் காட்ட ஆய்தத்தைப் பயன்படுத்தி ‘கராஃகோ’ என்று எழுதியிருக்கிறோம். ஃப என்ற கூட்டுக்கு மட்டும் துணைபோய்க்கொண்டிருந்த ஆய்தத்துக்கு இந்தப் பட்டியலில் சொந்த வேலை கிடைத்ததில் தமிழாசிரியரான உறுப்பினருக்குத் தனி மகிழ்ச்சி.

வட ஐரோப்பியப் பெயர்களுக்கே அதிகக் காலம் பிடித்தது. ‘லைஸ்பர்க்’ என்று நாம் சொல்லிவந்த, சுவீடனின் யோத்தெபொரி (கோத்தன்பர்க்) நகரில் 1923இல் திறக்கப்பட்ட பூங்காவின் பெயர் ஆங்கில எழுத்தில் ககர ஒலிக்குரிய எழுத்தில் முடிந்தாலும், சுவீடன் நாட்டார் அதை யகரமாகவே ஒலிக்கிறார்கள். கரும்பலகையில் நான்கைந்து வடிவங்களை எழுதி அழித்த பின், ‘லீசெபெரி’ என்பதில் வந்து நின்றோம். இரு உயிர்களுக்கு இடையே தனித்து வரும் பகரம் தமிழில் இயல்பாகவே மென்மை பெற்று ஒலிப்பதால், இந்த வடிவத்தைப் படிக்கும் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எழுதியதை அப்படியே வாசித்தால் சுவீடன் ஒலிக்கு மிக அருகில் வருகிறது. ஆங்கில எழுத்தால் இயலாததைத் தமிழ் எழுத்து இந்த இடத்தில் எளிதாகச் செய்கிறது என்பது என் கருத்து.

ஹெல்சிங்கியில் 1950இல் திறக்கப்பட்ட லின்னன்மாக்கியில் நமக்கு ஓர் ஆதாயமும் ஓர் இடறலும் சேர்ந்தே கிடைத்தன. பின்லாந்து மொழியில் எழுத்து இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்பதால், ‘ன்ன’ நம் நாவில் தானாக வருகிறது. ஆனால், இறுதியில் உள்ள ககரம் அவர்கள் மொழியில் ஒற்றைதான். நாமும் ஒற்றையாக எழுதினால் அது மெலிந்துவிடும் என்பதால் இரட்டித்து எழுத வேண்டியதாயிற்று. சொல்லும்போது அந்த இரட்டிப்பை அழுத்தாமல் விட வேண்டும் என்றும், ‘மா’ என்பதை மா, மே இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டும் என்றும் குறிப்புச் சேர்த்திருக்கிறோம்.

அதே பூங்காவில் 1951 முதல் ஓடும் வுஒரிஸ்தோராத்தா என்ற மர ரோலர் கோஸ்டரைப் பற்றிய கூட்டம் இவ்வாண்டின் சிறந்த கூட்டம் என்பேன். அதன் வண்டியில் ஒரு பிரேக்மேன் பயணிகளோடு ஏறி, இறக்கங்களில் தானே பிரேக் பிடிக்கிறார். கோபன்ஹேகனின் திவோலி பூங்காவில் 1914 முதல் ஓடும் ரூட்ஷெபேனனிலும் அதே ஏற்பாடுதான். இதைக் கேட்டதும் நமது மலை ரயில் உறுப்பினர் எழுந்து, மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் நின்று எஞ்சினின் விசில் சைகைக்கேற்ப பிரேக்கைத் திருகுவதை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடித்தே காட்டினார். பிரேக் கட்டையின் உரசல் ஓசையை அவர் வாயால் எழுப்பிய பின்பு, அந்த இரண்டு நீண்ட பெயர்களையும் மறந்தவர் எவரும் இல்லை.

ஜப்பானியப் பெயர்கள் எளியவை என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளியிருந்தோம். ஃபுஜி-க்யூ ஹைலேண்டில் 2011இல் வந்த, 121 பாகைச் சரிவு கொண்ட தக்கபிஷாவில் சிக்கல் இல்லை. எல்லா அசைகளையும் ஒரே அளவில் சொன்னால் போதும். 2001இல் தொடங்கி, 2017இல் வேகம் கூட்டப்பட்டு, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட டோடோம்ப்பாவில்தான் வாதம் மூண்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது பகரத்துக்கு முன் னகரம் நிற்கிறது, ஒலியோ மகரம். ‘ஒன்பது’ என்று எழுதிவிட்டு ‘ஒம்பது’ என்று பேசுகிற நமக்கு இது புதிதன்று. ஆனால், நம் வழக்கப்படி ‘ம்ப’ என்று எழுதினால் பகரம் மெலிந்துவிடுகிறது. ஜப்பானியரோ அதை வல்லினமாகவே சொல்கிறார்கள். எனவே, இலக்கணம் இடம் தராவிட்டாலும் ‘ம்ப்ப’ என்று எழுதத் துணிந்தோம். சொல்லின் முதலில் வரும் மெல்லிய ஒலிகளைக் காட்டவும் தமிழில் எழுத்து இல்லாததால், அத்தகைய முதலெழுத்தின் கீழ் ஒரு கோடு இடும் முறையைக் கையேடு முழுவதும் பின்பற்றியிருக்கிறோம்.

ஆங்கிலம் பேசும் நாடுகளின் பெயர்கள் நமக்குத் தெரிந்தவை என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. கனடாஸ் வொண்டர்லேண்டில் 2008இலும் 2012இலும் வந்த இரண்டு ரோலர் கோஸ்டர்களை நமது கிறிஸ்தவ உறுப்பினர்கள் தமிழ் வேதாகமத்தின்படி பிகெமோத், லிவியாதான் என்றே சொல்லிவந்தார்கள். அங்குள்ளவர்கள் சொல்வது பிஹீமத், லிவையதன். பல பூங்காக்களில் உள்ள கோலியாத்தும் அப்படியே கலையத் ஆகிறது. தமிழ்ப் பேச்சில் நம் வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டவரோடு பேசும்போது மட்டும் அவர்கள் வடிவம் என்று சமரசம் ஆயிற்று. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பென்சில்வேனியாவில் 1926 முதல் இயங்கும் கனோபல்ஸ் பூங்காவில் ககரம் ஒலிக்கும். ஆங்கிலத்தில் ‘நோ’ (அறி), ‘நீ’ (முழங்கால்) போன்ற சொற்களின் தொடக்கத்தில் அந்த எழுத்து மௌனமாக இருப்பதை வைத்து நாம் ‘நோபல்ஸ்’ என்று சொல்லிவந்தோம். அமெரிக்காவின் டாம்பாவில் 2005இல் வந்த ஷீக்ரா ரோலர் கோஸ்டரை ‘ஷைக்ரா’ என்று சொன்னவர்கள் அது நம் தேயிலைத் தோட்டங்களின் மேல் வட்டமிடும் வல்லூற்றின் ஆங்கிலப் பெயரே என்று அறிந்ததும் திருத்திக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவில் 2010இல் வந்த ரோலர் கோஸ்டர் ஒன்றின் பெயருக்குள் 13 என்ற எண் புகுந்திருக்கிறது. எண்ணைத் தனியே படிக்காமல் ‘தர்ட்டீன்’ என்று மட்டும் சொன்னால் போதும். 2024 மே மாதம் அதே நாட்டின் தோர்ப் பார்க்கில் திறக்கப்பட்டது ஹைபீரியா. போலந்தில் 2018 முதல் ஓடுவது ஹிப்பெரியன். இரண்டின் தொடக்கமும் கிரேக்கத்திலிருந்து வந்ததே என்றாலும், நமது விதிப்படி ஊருக்கேற்ப ஒலி மாறுகிறது. நியூ ஜெர்சியில் 139 மீட்டர் உயரத்தில் நின்ற கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டரின் பெயரும் கையேட்டில் இருந்தது. அச்சுக்குப் போகும் நேரத்தில், 2025 பிப்ரவரியில், அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பெயரை நீக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது, பேச்சில் அது இன்னும் பல ஆண்டுகள் வரும் என்பதால் அப்படியே விட்டோம்.

ரோலர் கோஸ்டர் தயாரிப்பாளர்களின் பெயர்களைச் சுருக்கமாகவே சேர்த்திருக்கிறோம். சுவிட்சர்லாந்தில் 1988இல் தொடங்கிய நிறுவனத்தின் இரண்டு பெயர்களில் பொல்லிகர் ஜெர்மன் வழியிலும் மாபியார் பிரெஞ்சு வழியிலும் ஒலிக்கின்றன. எழுத்துக்கூட்டலில் இருந்தாலும், இரண்டாவதன் ஒலியில் லகரமும் இல்லை, இறுதி டகரமும் இல்லை. நெதர்லாந்தின் வெக்கோமாவுக்குக் ககரத்தை இரட்டித்தால் போதுமானது. கணக்கிட்டு வடிவமைப்பதில் பெயர்பெற்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயர் ஷ்டெங்கல்.

அச்சகத்திலிருந்து வந்த முதல் படியில் ஆய்தம் ஒன்றுகூட இல்லை. ஃபன்ட்டாஸியாலான்ட் ‘பன்ட்டாஸியாலான்ட்’ ஆகவும், கராஃகோ ‘கராகோ’ ஆகவும் வந்திருந்தன. முதலெழுத்துகளின் கீழிருந்த கோடுகள் பிழைக்குறி என்று கருதப்பட்டு அகற்றப்பட்டிருந்தன. கோத்தகிரி உறுப்பினர்கள் இருவர் இரவு வெகுநேரம் அமர்ந்து ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் பேனாவால் திரும்பச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. திருத்திய படிகள் இன்று நுழைவாயில் மேசையில் கிடைக்கும்.

பெயரில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதைக் கையேடு காட்டவில்லை. நெதர்லாந்துப் பூங்காவான எஃப்டெலிங்கை முதல் அசையில் அழுத்த வேண்டும் என்பது போன்ற செய்திகளை இப்போதைக்கு வாய்மொழியாகவே சொல்லிவருகிறோம். இதற்கு ஒரு குறியீடு தேவை என்று துணைக்குழு கருதுகிறது. எனெர்கிலாந்தியா முதலான மற்றப் போலந்துப் பெயர்களும், அரபு நாட்டுப் பூங்காக்களின் பெயர்களும் அடுத்த பதிப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அரபு அறிந்த உறுப்பினர்கள் துணைக்குழுவில் சேர முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கான செலவை அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கவும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
குன்னூர்