தொண்ணூற்றைந்தில் நின்ற தெர்மாமீட்டர்

ஏற்காடு,
சனிக்கிழமை

அன்புள்ள கண்ணு,

"இந்த வாரம் கிளாஸ்ல என்னம்மா ஓடுச்சு?" என்று நீ கேட்கும்போதே டவர் போய்விட்டது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். ஆறாம் வகுப்பில் பின்னம், வழக்கம்போல் இழுக்கிறது, அதை விடு. ஏழாம் வகுப்புச் சங்கதியைக் கேள்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று சத்துணவுக் கூடத்து அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினோம். தெர்மாமீட்டரை நூலில் கட்டி, குமிழ் அடியில் படாமல் தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பாதரசமோ 95-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. "டீச்சர், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு!" என்று ஒரே கூச்சல். இன்னொன்றை விட்டோம், அதுவும் 95. சமையல் அம்மா மட்டும் சிரித்தார். "கொண்டைக்கடலை வேக இங்க எவ்வளவு நேரமாகுதுன்னு என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

காரணத்தை நான் உடனே சொல்லவில்லை. ஏரிப் பக்கத்துக் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் ஏன் அப்படி உப்பியிருக்கிறது என்று கேட்டேன். கீழேயிருந்து வரும்போது அப்படி இல்லையே. கொஞ்சம் யோசித்தார்கள். உள்ளே காற்று கூடவில்லை, மலைமேல் வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்று ஒரு பையன் பிடித்துவிட்டான். அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் சீக்கிரமே கொதித்துவிடும், சூடு அதற்கு மேல் ஏறாது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்றேன். நாம் இருப்பது 1,515 மீட்டரில். வகுத்துப் பார்த்து, கணக்கு சரியாக வருகிறது என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் கணக்குப் பாடம் உள்ளே நுழைந்தது. "உயரம் கூடினா கொதிநிலை குறையுது, அப்போ எதிர் விகிதம்தானே டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண். பாதி வகுப்பு தலையாட்டியது. ஒன்று கூடி ஒன்று குறைந்தாலே எதிர் விகிதம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், கைடுகளும் அப்படித்தான் பழக்கிவைத்திருக்கின்றன. 750 மீட்டரில் 97.5 என்றால், இருமடங்கு ஏறி 1,500-க்கு வரும்போது அது பாதியாக வேண்டுமே, 49 டிகிரியிலா நம் தண்ணீர் கொதித்தது என்று கேட்டேன். அமைதி. அப்புறம் அவளே பலகைக்கு வந்து, குறைந்த அளவை மட்டும் தனியாக எழுதினாள்: 2.5, 5. "குறையுறதுதான் இருமடங்காகுது. இது நேர் விகிதம்!" எனக்கு அந்த வாரச் சம்பளம் அதுதான்.

இப்போது உனக்கு ஒரு வேலை. சேலம் 278 மீட்டர், அங்கே 99 வரும் என்று பிள்ளைகள் எழுதிவைத்திருக்கிறார்கள். உன் பெங்களூரு ஏறக்குறைய 900, அதற்கு 97. சேலத்தில் உன் மாமா அளப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் 110 வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி அளந்து, புதன்கிழமைக்குள் படம் அனுப்பு. காய்ச்சலுக்கு வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விடாதே, வெடித்துவிடும். 97 வராவிட்டாலும் வந்த எண்ணையே அனுப்பு, அம்மாவுக்காகத் திருத்தாதே.

அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. மிளகு காய்ந்ததும் பார்சல் போடுகிறோம்.

அன்புடன்,
அம்மா